சர்க்கார் கடனும் வீட்டின் இன்றைய மதிப்பும்

கேள்வி: நாங்கள் 2017ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட் ஒன்றை 4 லட்சம் பவுண்டுக்கு வாங்கினோம். 20,000 எங்கள் கைப்பணம். 2,20,000 வங்கிக் கடன். மீதி 1,60,000 'ஹெல்ப் டு பை' திட்டத்தில் அரசாங்கம் கொடுத்தது. அந்தக் கடனுக்கு வட்டி தொடங்கி, வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே ரீமார்ட்கேஜ் செய்து அதை அடைத்துவிட நினைக்கிறோம். எஸ்டேட் ஏஜென்ட் ஒருவர் இலவசமாக வந்து பார்த்து, 4,10,000 பெறும் என்று கடிதம் தந்தார். கடனை நிர்வகிப்பவர்கள் அதை ஏற்கவில்லை. புதிய வங்கி 4 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறது, அதுவும் செல்லாதாம். கட்டணம் கொடுத்து அழைத்த சர்வேயரோ 4,30,000 என்று எழுதிவிட்டார். அவருடைய அறிக்கை வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. வங்கியின் வேலை இன்னும் முடியவில்லை. வாங்கிய 1,60,000ஐத் திருப்பிக் கொடுத்தால் போதாதா? எந்த மதிப்பீடு செல்லும்? சர்வேயரின் தொகையை ஆட்சேபிக்க வழி உண்டா?
— ஒரு வாசகி, கிழக்கு லண்டன்

பதில்: அம்மா, தங்கள் முதல் கேள்விக்கு 'போதாது' என்பதே பதில். இந்தக் கடன் விஷயமாக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஓர் இடத்திலேயே இடறுகிறார்களாதலால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கி 2023ஆம் ஆண்டு வரை நடைபெற்று, 3,87,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு வாங்கத் துணைநின்ற அந்தத் திட்டத்தில், புதிதாகக் கட்டிய வீட்டின் விலையில் 20 சதவிகிதம் வரையிலும், லண்டன் மாநகருக்கு மட்டும் 2016ஆம் ஆண்டு முதல் 40 சதவிகிதம் வரையிலும் சர்க்கார் முன்பணம் கொடுத்தது. கொடுத்ததற்கு ஈடாக அது கேட்டது, அத்தனை பவுண்டைத் திருப்பித் தரவேண்டும் என்பதையல்ல. வீட்டின் மதிப்பில் அத்தனை சதவிகிதத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதையே. தாங்கள் கையொப்பமிட்ட சாசனத்தின் ஜீவநாடியான ஷரத்து இதுதான். ஆகையால் தாங்கள் கடனைத் தீர்க்கும் நாளில் வீட்டின் மார்க்கெட் மதிப்பு எதுவோ அதில் 40 சதவிகிதமே தங்கள் பாக்கி: மதிப்பு 4,30,000 ஆனால் 1,72,000; 4 லட்சமாகவே நின்றால் 1,60,000; 3,80,000ஆக இறங்கியிருந்தால் 1,52,000. ஏற்றத்தில் பங்கு கேட்கும் சர்க்கார் இறக்கத்திலும் பங்கு ஏற்கிறது என்பதனால் இது அநியாயமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கையொப்பமிடும் சமயத்தில் இதை வாங்குகிறவர்களுக்கு மனத்தில் பதியும்படி எடுத்துச் சொன்னவர்கள் போதுமான அளவு இருந்ததில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வட்டி மட்டும் இன்றைய மதிப்பின்மேல் கணக்கிடப்படுவதில்லை. அன்று வாங்கிய தொகையின்மேலேயே கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து வருஷம் வட்டியில்லை. ஆறாம் வருஷத்தில் 1.75 சதவிகிதம், அதாவது தங்கள் விஷயத்தில் வருஷத்துக்கு 2,800 பவுண்டு. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அந்த வட்டி விகிதம், சில்லறை விலைக் குறியீட்டின் ஏற்றத்தோடு ஒரு சதவிகிதம் கூட்டிவரும் அளவுக்கு உயர்கிறது. குறியீடு 5 சதவிகிதம் ஏறியதாக வைத்துக்கொண்டால், 1.75 என்பது 1.855 ஆகும், 2,800 என்பது 2,968 ஆகும். இப்படி எத்தனை வருஷம் செலுத்தினாலும் அது முழுவதும் வட்டிக்கே போய்ச் சேருகிறதே தவிர, அசலில் ஒரு பவுண்டுகூடக் குறைவதில்லை. (2021க்குப் பிறகு வாங்கியவர்களுக்குக் குறியீடும் விகிதமும் வேறு. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் திட்டமே வேறு. அங்குள்ள வாசகர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கவேண்டாம்.)

இனி, எந்த மதிப்பீடு செல்லும் என்ற கேள்விக்கு வருகிறேன். பாக்கித்தொகை முழுவதுமே மதிப்பு என்ற ஓர் எண்ணைச் சார்ந்து நிற்கும்போது, அந்த எண்ணைச் சொல்லுகிறவர் கடன்பட்டவருக்கும் வேண்டியவராக இருக்கக்கூடாது, விற்பனையில் லாபம் காண்கிறவராகவும் இருக்கக்கூடாது என்பது யாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயமே. அதனால்தான், ஆர்.ஐ.சி.எஸ். என்று சுருக்கமாக வழங்கும், 1868ஆம் ஆண்டு தோன்றிய சர்வேயர்களின் ராஜாங்க சாசனம் பெற்ற சங்கத்தில் தகுதி பெற்றவராகவும், எஸ்டேட் ஏஜென்டோடு சம்பந்தமற்றவராகவும், தங்களுக்கு உறவினரல்லாதவராகவும் உள்ள ஒருவர், வீட்டின் உள்ளே வந்து நேரில் பார்வையிட்டு, தம் நிறுவனத்தின் தலைப்பிட்ட தாளில், கையொப்பத்தோடு, கடன் கொடுத்த அமைப்பின் பெயருக்கு எழுதிய முழு அறிக்கையே வேண்டும் என்று கேட்கிறார்கள். ஏஜென்டின் கடிதம் எத்தனை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், தங்கள் வீட்டை விற்றுத்தரும் வேலை தமக்குக் கிடைக்குமென்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது, அது மதிப்பீடாகாது. வங்கியின் மதிப்பீடோ வங்கி தன் கடனுக்கு இந்த வீடு போதுமான ஈடுதானா என்று தனக்குத்தானே பார்த்துக்கொள்வது. பல சமயங்களில் வீட்டுக்குள் ஒருவரும் காலடி வைக்காமலே, பழைய விற்பனைக் கணக்குகளைக் கொண்டு கம்ப்யூட்டர் கூட்டிச் சொல்லும் தொகை அது. ஆகவே தாங்கள் காட்டிய மூன்றில் செல்லத்தக்கது சர்வேயரின் அறிக்கை ஒன்றே.

செல்லத்தக்கது என்று சொன்னதால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டும் என்பதில்லை. அறிக்கையைக் கையில் எடுத்து, முதல் பக்கத்துத் தொகையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒப்பீட்டுச் சொத்துகளின் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திறவுங்கள். தங்கள் வீட்டைப் போன்ற வகையும் அளவும் வயதும் உள்ளவையாய், இரண்டு மைல் சுற்றளவுக்குள் இருப்பவையாய், குறைந்தது மூன்று சொத்துகளையும் அவற்றின் விலையையும் அங்கே காட்டியிருக்கவேண்டும். தாங்கள் அனுப்பியிருக்கும் பிரதியில் அந்தப் பக்கத்தை நான் நிதானமாகப் படித்தேன். மூன்றில் ஒன்று தங்கள் கட்டடத்திலேயே நான்காம் மாடியில் மறுவிற்பனையான ஃபிளாட். அது தங்களுடையதைவிடக் குறைந்த விலைக்கே போயிருக்கிறது. மற்ற இரண்டும் பக்கத்தில் எழும்பிவரும் புதிய கட்டடத்தில் கட்டுமான நிறுவனம் நிர்ணயித்து விற்ற வீடுகள். புத்தம்புது வீட்டுக்கு முதன்முதலாக வாங்குகிறவர் சற்று மிகையாகவே கொடுக்கிறார் என்பதும், சாவி கை மாறிய பிறகு அந்த மிகை நிலைப்பதில்லை என்பதும் லண்டனில் வீடு வாங்கி விற்ற எவருக்கும் தெரிந்ததே. 2017இல் கட்டிய வீடும் நேற்றுக் கட்டிய வீடும் வயதில் ஒத்தவை ஆகமாட்டா; வயது ஒத்த மறுவிற்பனைகள் அருகிலேயே நடந்திருக்கும்போது அவற்றை விட்டுவிட்டுப் புதியவற்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கேட்கும் உரிமை, கட்டணம் செலுத்திய தங்களுக்கு நிச்சயமாக உண்டு.

கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. 'குறைத்துப் போடுங்கள்' என்று ஒரு சொல்லும் எழுதாதீர்கள், வாயாலும் சொல்லாதீர்கள். மதிப்பீட்டாளர் தம் சங்கத்தின், 'சிவப்புப் புத்தகம்' என்று தொழிலில் வழங்கும் விதித்தொகுப்புக்குக் கட்டுப்பட்டவர். விரும்பி விற்பவரும் விரும்பி வாங்குபவரும், விவரம் அறிந்து, நிர்ப்பந்தமின்றி, தகுந்த விளம்பரத்துக்குப் பிறகு ஒத்துக்கொள்ளும் விலை எதுவோ அதையே அவர் சொல்லவேண்டும். பொது நிதிக்குச் சேரவேண்டிய பணத்தைக் குறைப்பதற்காகப் பொய்யான விவரம் கொடுப்பது 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின்கீழ் குற்றமாகவும் கூடும். மாறாக, உண்மையான விற்பனைகளைத் தேடி எடுத்துக் காட்டுவது முற்றிலும் நேர்மையான காரியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பனையாகும் வீடுகளின் கிரய விலையை லேண்ட் ரெஜிஸ்ட்ரி 1995ஆம் ஆண்டிலிருந்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. அதைப் பார்க்கக் கட்டணமில்லை. தங்கள் தபால் குறியீட்டை இட்டுத் தேடி, தங்கள் கட்டடத்திலும் அதே காலத்தில் எழும்பிய அண்டைக் கட்டடங்களிலும் அண்மையில் கைமாறிய இரண்டு படுக்கையறை வீடுகளைத் தேதியோடும் விலையோடும் குறித்து, 'இவற்றையும் பரிசீலித்து, தங்கள் முடிவு மாறுமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்' என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். குத்தகைக் காலத்தில் மிச்சம் எத்தனை வருஷம், வருஷாந்தரப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்ற விவரங்களையும் சேர்த்து அனுப்புங்கள். 2017ஆம் ஆண்டு கிரென்ஃபெல் கட்டடத்தில் நேர்ந்த அந்தக் கொடிய தீவிபத்துக்குப் பிறகு, அடுக்குமாடிகளின் வெளிச்சுவர் அமைப்பைப் பற்றி 'இ.டபிள்யூ.எஸ்.1' என்ற சான்றுப் படிவம் கேட்கப்படுகிறதல்லவா, தங்கள் கட்டடத்துக்கு அது இருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். இவை மதிப்பைப் பாதிக்கும் விஷயங்கள். அவர் வந்தபோது இவை அவர் கையில் இருந்தனவா என்பது தங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அவர் மறுபரிசீலனை செய்து குறைத்தால் நல்லது. குறைக்க மறுத்தால், தகுதி பெற்ற வேறொரு சர்வேயரைத் தங்கள் செலவிலேயே அழைத்துப் புதிய அறிக்கை பெறலாம். அதுவும் மேற்சொன்ன லட்சணங்கள் எல்லாம் பொருந்தியதாக இருக்கவேண்டும். ஆயினும் அதற்கு முன் கணக்குப் பாருங்கள்: மதிப்பில் 10,000 பவுண்டு வித்தியாசம் வந்தால் தங்களுக்கு மிச்சமாவது 4,000. வித்தியாசம் 2,000 அல்லது 3,000க்குள் நிற்கும் என்று தோன்றினால், இரண்டாவது கட்டணமும் அதனால் ஏற்படும் காலதாமதமும் அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

காலதாமதம் என்ற சொல் வந்துவிட்டது. தங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய செய்தி அதுதான். மதிப்பீட்டு அறிக்கைக்கு ஆயுள் மூன்று மாதம். அறிக்கையை அனுப்புவது மட்டுமல்ல, விண்ணப்பம் கொடுத்து, நிர்வாகக் கட்டணம் செலுத்தி, பாக்கி வட்டி இருந்தால் அதையும் தீர்த்து, தங்கள் சொலிசிட்டர் மூலமாக இறுதித்தொகைப் பத்திரம் பெற்று, பணம் போய்ச் சேருவது வரை எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் முடியவேண்டும். தங்களுக்கு இரண்டு மாதம் கழிந்துவிட்டது. வங்கியின் சம்மதக் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே சர்வேயரை அழைப்பது ஆர்வத்தால் பலரும் செய்வது; பணத்துக்கு வழி உறுதியான பிறகே அவரை அழைக்கவேண்டும் என்று இனிமேல் கடன் தீர்க்க எண்ணுகிற வாசகர்கள் அனைவருக்கும் சொல்லிவைக்கிறேன். தாங்கள் செய்யவேண்டியது, இந்த வாரமே வங்கியிடம் பணம் வழங்கும் தேதியை எழுத்துமூலம் கேட்பது. அந்தத் தேதி கெடுவைத் தாண்டுமென்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பாகவே அதே சர்வேயரிடம், மறுபடி வீட்டுக்கு வராமல் தம் ஆவணங்களைக் கொண்டே செய்யும் மேசை மதிப்பீடு ஒன்றைக் கேளுங்கள். முழு மதிப்பீட்டைவிட அது செலவு குறைந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் மார்க்கெட் மாறியிருந்தால் அவர் சொல்லும் தொகையும் மாறும். கெடுவைத் தவறவிட்டு நாள் பல கழிந்துவிட்டால், புதிதாக முழு மதிப்பீடு செய்து, முழுக் கட்டணமும் மறுபடி கொடுக்கவேண்டியதாகும்.

மனம் மாறி ரீமார்ட்கேஜுக்குப் பதிலாக வீட்டை விற்றுவிடலாம் என்று தீர்மானித்தாலும் மதிப்பீடு தேவைதான். அப்போது கிரய விலை, மதிப்பீடு என்ற இரண்டில் எது அதிகமோ அதில்தான் 40 சதவிகிதம் கேட்பார்கள். சொந்தக்காரருக்கு மலிவாக விற்றுப் பாக்கியைக் குறைத்துக்கொள்ளும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

கடனைத் தீர்த்த பிறகும் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்ததாகத் தங்கள் சொலிசிட்டர் சொல்லும் நாள்வரை மாத வட்டிக்கான டைரக்ட் டெபிட்டை நிறுத்தாதீர்கள். அதன்பின், தங்கள் வீட்டின்மேல் உள்ள இரண்டாவது அடமானத்தை விடுவிக்கும் 'டி.எஸ்.1' என்ற படிவம் லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்குப் போய்ப் பதிவாகவேண்டும். 2017இல் வாங்கியதாகையால், பதிவேட்டில் அந்த அடமானம் 'ஹோம்ஸ் இங்கிலாந்து' என்ற பெயரில் இராது. அந்த அமைப்பு 2018ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 'ஹோம்ஸ் அண்ட் கம்யூனிட்டீஸ் ஏஜென்ஸி' என்ற சட்டப்பெயரைத் தேடுங்கள். பதிவேட்டின் புதிய பிரதியைச் சில வாரம் கழித்துத் தாங்களே வாங்கிப் பார்த்து, அந்தப் பெயர் நீங்கிவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு, பிரதியைப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.