பேரப்பிள்ளையின் முகம் மாறும்போது மனத்தையும் கவனியுங்கள்

“என்னம்மா, முகம் இப்படி உப்பிப் போச்சு?” பள்ளி விட்டு வரும் பேத்தியிடம் பாசத்தோடு கேட்டுவிடுகிறோம். லூபஸ் நோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு, அன்று அதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆளாக நீங்கள் இருக்கலாம்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, உடலின் சொந்த உறுப்புகளையே தாக்குவதுதான் லூபஸ். தோல், மூட்டு, சிறுநீரகம் என எதையும் அது பாதிக்கலாம். பெண்பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது. மற்றவர்களுக்குத் தொற்றாது. முற்றிலும் குணமாக்க முடியாவிட்டாலும் மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

அந்த மருந்துகளில் ஒன்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இதனால் கன்னம் உருண்டையாகலாம், பசி கூடலாம், பரு வரலாம். மருத்துவர் அளவைக் குறைக்கக் குறைய முகம் பழையபடி ஆகும். ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு அந்தச் சில மாதங்கள் மிக நீண்டவை. கேலி தாங்காமல் சில பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தீவிரமாகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முகத்தையும் எடையையும் பற்றிப் பேசாமலிருப்பதும் மருத்துவ உதவிதான்.

வெயில் இந்த நோயைத் தூண்டும். நண்பர்கள் திடலில் ஓடும்போது இவள் நிழலில் உட்கார்ந்திருப்பாள். களைப்பு வெளியே தெரியாது. அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் திருஷ்டி கழிப்பதால் கெடுதல் இல்லை. “இவளை யார் கட்டிக்குவாங்க?” என்று உறவினரிடம் தொலைபேசியில் புலம்புவதுதான் கெடுதல். அடுத்த அறையில் அவளுக்கு அது கேட்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், விருப்பமானவற்றில் நாட்டம் குறைந்தால், அடிக்கடி அழுதாலோ எரிந்து விழுந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தால், பெற்றோரிடம் சொல்லுங்கள். லூபஸ் மூளையையும் பாதிக்கலாம். ஸ்டீராய்டும் மனநிலையை மாற்றலாம். அதனால் “வயசுக் கோளாறு” என்று விட்டுவிடாமல், சிகிச்சை தரும் மருத்துவரிடம் பெற்றோர் தெரிவிக்க வேண்டும். குழப்பமாகப் பேசினாலோ, இல்லாதவை தெரிவதாகச் சொன்னாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளி ஆலோசகரும் உதவுவார்.

பேச வைக்க வற்புறுத்த வேண்டாம். மைலோ கலக்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னிக்கு எது கஷ்டமா இருந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள்.

“நான் இல்லாமலே இருக்கலாம்” என்பதுபோல் பிள்ளை பேசினால், தனியாக விடாதீர்கள். ஆலோசனைக்கு 1771 அல்லது 1767 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.