அரிசியா, பணமா?

மாந்தர் விரும்பும் பொருள்கள் பல. அவற்றைப் பெறுதற்குரிய பணமும் நிலமும் காலமும் அளவுடையன. ஆதலின் ஒன்றைக் கொள்வோர் வேறொன்றை விட வேண்டியவராகின்றனர். அங்ஙனம் விடப்பட்டவற்றுள் சிறந்தது எதுவோ, அதுவே கொண்ட பொருளின் உண்மையான விலையாகும். பொருளியலார் இதனை 'வாய்ப்புச் செலவு' என்பர்.

புதுச்சேரிக்குத் தென்மேற்கே உள்ள ஏம்பலத்தில் உழவர் ஒருவர் தம் ஒரு காணி நிலத்தில் சவுக்கு நடுகின்றார் எனக் கொள்வோம். கன்றின் விலையும் கூலியும் அவர் கணக்கில் ஏறும். மரம் வெட்டுக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அவ்வாண்டுகளில் அந்நிலம் நெல்லாகத் தந்திருக்கக்கூடிய ஊதியம் எந்த ஏட்டிலும் ஏறாது. எனினும் அதுவும் செலவே. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பது அரிதாயின், நெல்லில் மிஞ்சுவது சிறிதாகும். அந்நிலையில் சவுக்கு நடுவோரைச் சோம்பர் எனல் தகாது, அவர் கணக்கறிந்தவரே.

இனி, பொருள் வாங்குவோர் நிலையைக் காண்போம். இதற்குப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியே நல்லதோர் எடுத்துக்காட்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தார்க்கு ஆள் ஒன்றுக்குத் திங்கள்தோறும் 5 கிலோ தானியம் உரியது. 2015-இல் இங்குத் தானியத்திற்கு மாற்றாகப் பணம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படலாயிற்று. பின்னர், மாநில அரசு வழங்கும் இலவச அரிசியைப் பற்றியும் அதே வினா எழுந்தது. முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு அரிசியே வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணமே தகும் என்றார். ஒன்றிய அரசு பணத்தின் பக்கம் நின்றது. வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இருவருள் யார் கூற்றுப் பொருந்தும்? திங்களுக்கு 40 கிலோ அரிசி உண்ணும் குடும்பம் ஒன்று 20 கிலோவை இலவசமாகப் பெறின், அதனை வாங்க வைத்திருந்த பணம் கையில் மிஞ்சும். அதைக்கொண்டு பருப்பு வாங்கலாம், பிள்ளைக்குச் சுவடி வாங்கலாம். ஆகவே அக்குடும்பத்திற்கு அரிசியும் அதன் கடைவிலையும் ஏறக்குறைய ஒன்றே. சிறிதே உண்ணும் முதியவர்க்கோ பணமே நன்று. ஆயினும் அரிசி விலை ஏறும்போது பணத்தின் மதிப்புச் சுருங்கும். 20 கிலோ என்றும் 20 கிலோவே. பணம் எடுக்க வங்கிக்குச் செல்லும் கூலியாளர் அரைநாட் கூலியை இழப்பார். வீட்டிற்கு வந்த அரிசி உலைக்குச் செல்லும். கணக்கிற்கு வந்த பணம் எங்குச் செல்லும் என்பதை அவ்வீட்டுப் பெண்டிரே நன்கறிவர்!

பணம் வந்தால் மளிகைக் கடைக்காரர்க்கு வாணிகம் பெருகும். ஊரில் நான்கு கடைகள் இருப்பின், விலையை உயர்த்துபவர் அண்டைக் கடைக்காரரிடம் தம் வாடிக்கையாளரை இழப்பார். ஒரே கடையாயின், வில்லியனூருக்குச் சென்றுவரும் பேருந்துக் கட்டணமும் நேரமுமே அவர் விலைக்கு வரம்பாகும். எனவே பணமா, அரிசியா என்னும் வினாவிற்கு எல்லா ஊர்க்கும் ஒரே விடை கூறுதல் இயலாது.

வாக்காளர் நிலை இன்னும் கடினமானது. கடையில் அரிசியை வாங்கி உப்பை விட்டுவிடலாம். தேர்தலில் அரிசி, சாலை, குடிநீர், பள்ளி யாவும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு வருகின்றன. பிரித்து வாங்க வழியில்லை. மேலும், தம் ஒரு வாக்கு ஆயிரக்கணக்கானவற்றுள் ஒன்று என எண்ணும் பலர், வேட்பாளர் கூற்றை ஆராயக் காலம் செலவிட முன்வருவதில்லை. அரிசிப் பை கண்ணுக்குத் தெரியும். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் இறங்குவது தெரியாது. ஆதலின் முன்னதைப் பற்றிய வாக்குறுதியே மேடையில் ஓங்கி ஒலிக்கின்றது. 2024-ஆம் ஆண்டில், என். இரங்கசாமி தலைமையிலான அரசு மூடிக்கிடந்த நியாயவிலைக் கடைகளை மீண்டும் திறந்தது. ஏம்பலம் வட்டாரத்து உழவர்க்கு அரிசியைப் போலவே அந்நீர்மட்டமும் அன்றாடக் கவலையாக இருந்து வருகின்றது.