காங்கிரீட் வீட்டில் வெக்கையைக் குறைப்பது எப்படி?



நமது அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மழை குறைவு, வெயில் அதிகம். பங்குனி பிறந்துவிட்டால் ராத்திரி பத்து மணிக்குக்கூட வீட்டுக்குள் வெக்கை தாங்காது. கைக்குழந்தைகளும் வயதானவர்களும் தூங்காமல் புரளுகிறார்கள். அந்த நேரத்தில்தான் நமக்கு ஆண்டுத் தேர்வும் வருகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. ஆகவே வெக்கை என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஓலை வீடும் காங்கிரீட் வீடும்

முன்பு நம்ம ஊர்களில் மண்சுவரும் பனை ஓலைக் கூரையும்தான் அதிகம். ஓலை அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்கி நிற்கும். காற்று ஓர் அரிதிற்கடத்தி. அதனால் வெயில் சட்டென்று உள்ளே இறங்காது. ஆனால் ஓலை மக்கும், கரையான் அரிக்கும், சில வருஷத்துக்கு ஒரு தரம் புதுசாக வேயணும். எல்லாவற்றையும் விட நெருப்புப் பயம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதனால் மறுபடியும் ஓலைக்கே போவோம் என்று நான் சொல்ல மாட்டேன்.

குடிசைகளை மாற்ற அரசு பல திட்டங்கள் கொண்டுவந்தது. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டம், 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம். இதனால் பலருக்கும் ஒழுகாத, தீப்பிடிக்காத வீடு கிடைத்தது. ஆனால் அந்தக் கூரையின் சூட்டை எப்படிக் குறைப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ராத்திரியிலும் ஏன் சுடுகிறது?

வெயில் வெப்பக் கதிர்வீச்சாக வந்து கூரையில் விழுகிறது. கருத்த சிமெண்டுத் தளம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வெப்பக் கடத்தல் மூலம் அது மெதுவாகக் கீழே இறங்கி, சாயந்திரம் அடித்தளத்துக்கு வந்து சேரும். பிறகு ராத்திரி முழுக்க நம்ம மேல் வீசும். பகலில் வாங்கிய கடனைக் கூரை ராத்திரியில் நம்மிடம் கொடுக்கிறது!

மின்விசிறி குளிர வைக்குமா?

2011 செப்டம்பர் 15 முதல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் விசிறி. ஆனால் விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. நம்ம வேர்வையைச் சீக்கிரம் ஆவியாக்குகிறது, அப்போது உடம்பு குளிர்கிறது. கூரை சுட்டால் மேலே இருக்கிற சுடுகாற்றைத்தான் கீழே தள்ளும். அறையின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனால் விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, நிறையத் தண்ணி குடிக்க வேண்டும். ஆகவே முதலில் கூரையைக் கவனிக்கணும், அப்புறம்தான் விசிறி.

கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முறை

1. மாசி மாதமே தளத்தைக் கூட்டி, தூசியும் பாசியும் போகத் தேய்க்கவும்.
2. சுட்ட சுண்ணாம்பைப் பெரியவர்களே நீற்ற வேண்டும். தண்ணி பட்டதும் அது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.
3. நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, உதிராமல் இருக்கக் கொஞ்சம் பெவிகால் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கவும்.
4. ஒரு பூச்சு காய்ந்த பின் இன்னொரு பூச்சு.
5. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துவிடும். அதனால் வருஷா வருஷம் அடிக்கணும்.

வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இதனால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். அகமதாபாத்தில் 2017-ல் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு இப்படி வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள். தெலங்கானா அரசு 2023-ல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. சிலர் தளத்தில் தினமும் தண்ணி ஊற்றுவார்கள். குடத்துக்குக் காசு கொடுக்கிற நம்ம ஊருக்கு அது கட்டுப்படியாகாது. சுண்ணாம்புக்கு ஒரு நாள் தண்ணி போதும்.

கவனம்: ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை மேல் ஏறக் கூடாது, உடைந்துவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்குச் சின்னப் பிள்ளைகள் போக வேண்டாம்.

விசிறிப் பராமரிப்பு

மாதம் ஒரு தரம் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைத் துடைக்கவும். விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டன்சர் பழசாகியிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் இருக்கலாம், எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். காயில் கருகிவிட்டால் புது விசிறி வாங்குவதே நல்லது. வாங்கும்போது ஒரு கணக்குப் போடுங்கள்:

பழைய விசிறி 75 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 45 யூனிட்.
பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். அதே நேரத்துக்கு 18 யூனிட்.

விலை கூடுதல்தான். ஆனால் 27 யூனிட் மிச்சம்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரி இரண்டு தகர மூடிகள் எடுங்கள். ஒன்றுக்குச் சுண்ணாம்பு, இன்னொன்றுக்கு அடுப்புக்கரி பூசுங்கள். அரைமணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, ஓரத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எந்த மூடி உங்கள் வீட்டுக் கூரை என்று நீங்களே சொல்வீர்கள்.

ஓலை வேய்வதற்கு ஊரே கூடி நின்றது. காங்கிரீட்டுக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும். வருகிற மாசியில் உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். வீட்டில் அப்பத்தாவும் தம்பி தங்கையும் நிம்மதியாகத் தூங்கட்டும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி