கால்வாய்க்கு வழி தேடணுமா? முதல்ல உச்சியைப் பாருங்க

இந்த வார எபிசோடில் ஈரி கால்வாயைப் பற்றிப் பேசினோம். அந்தக் கால்வாய் ஹட்சனிலிருந்து ஈரி ஏரிக்குச் சுமார் 570 அடி ஏறுகிறது. அதைவிட முரட்டுத்தனமான ஒன்று நம்ம நியூ ஜெர்சியிலேயே இருந்தது: மோரிஸ் கால்வாய். இன்றைய பாடம் அதுதான்.

பென்சில்வேனியா நிலக்கரியை நியூயார்க் பக்கம் கொண்டுவரணும். நடுவில் மலை. டெலவேர் ஆற்றங்கரையில் பிலிப்ஸ்பர்க்கிலிருந்து 760 அடி ஏறி, நியூவார்க் பக்கம் 914 அடி இறங்கணும்.

சர்வேன்னா குறுக்கு வழி கண்டுபிடிக்கிறதுன்னு நினைப்போம். கால்வாய்க்கு முதல் கேள்வி வேற: உச்சியில் தண்ணீர் இருக்கா? படகு இறங்கும் ஒவ்வொரு தடவையும் மேலேயிருந்து தண்ணீர் கீழே போய்விடும். அது திரும்பி ஏறாது. மாரிஸ்டவுனில் வாழ்ந்த ஜார்ஜ் மக்கல்லக் இதற்கு ஹோபட்காங் ஏரியைக் காட்டினார். 1822ல் மாநில சட்டமன்றம் கமிஷன் போட்டது. எஃப்ரைம் பீச் பாதையை அளந்தார்.

அளப்பது எப்படி? ரசமட்டம் பொருத்திய தொலைநோக்கியை நடுவில் நிறுத்தி, பின்னால் ஒரு அளவுக்கம்பு, முன்னால் ஒன்று. இரண்டிலும் தெரியும் அளவைக் கழித்தால் உயர வித்தியாசம் கிடைக்கும். பிறகு நகர்ந்து, மறுபடியும் அதே. சின்னத் தப்புகூட மைல் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

மட்டம் மாறாமல் மலையைச் சுற்றிப் போனதால், ஜெர்சி சிட்டி வரை நேர்கோட்டில் சுமார் 60 மைல் தூரம் கடைசியில் 102 மைல் ஆச்சு.

இன்னொரு சிக்கல். இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டிதான் லாக். ஒன்றுக்கு 10 அடி என்றால் மொத்த 1,674 அடிக்கு 167 லாக் வேணும்! கொலம்பியா பேராசிரியர் ஜேம்ஸ் ரென்விக் சாய்தளம் வடிவமைத்தார்: படகை வண்டியில் ஏற்றி, தண்டவாளத்தில் மேலே இழுப்பது. இழுக்கும் சக்கரத்தைச் சுற்றியதும் கால்வாய்த் தண்ணீர்தான். கடைசியில் 23 லாக், 23 சாய்தளம். 1831ல் நியூவார்க் வரை வேலை முடிந்தது.

ரயிலோடு போட்டி போட முடியாமல் 1924ல் மூடினாங்க. நியூவார்க் லைட் ரயில் இன்றைக்கும் அந்தக் கால்வாய்ப் படுகையில்தான் ஓடுது.

உங்க புராஜெக்ட்டுக்கும் இதே கேள்விதான்: கோடு போடும் முன்னாடி, எது தீர்ந்துபோனால் எல்லாமே நின்னுடும்னு பாருங்க. அங்கிருந்து அளக்க ஆரம்பிங்க.