மார்கழி முதல் வைகாசி வரை: பாலாற்றுக் காட்டோரத்தில் உண்ணி எச்சரிக்கை

கார்த்திகை மழை ஓய்ந்து காட்டில் புல் காயத் தொடங்கிவிட்டது. பாலாறு சோதனைச்சாவடியைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மேலே கோபிநத்தம், மாதேஸ்வரன் மலையிலும், கீழே கோவிந்தபாடி, கொளத்தூர் வரையிலும் விறகுக்கும் நெல்லிக்காய்க்கும் சீமாற்றுப் புல்லுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் கூடும் நேரம் இது. மனிதரைக் கடிக்கும் காட்டு உண்ணி பெருகுவதும் இதே நேரத்தில்தான். தை, மாசி, பங்குனியில் அது உச்சத்துக்குப் போகும். அதனால் செய்யவேண்டியதை இப்போதே தொடங்குங்கள்.

எல்லா உண்ணியும் ஒன்றல்ல. மாட்டின் காதிலும் மடியிலும் கொழுத்துத் தொங்குவதில் பெரும்பங்கு மாட்டுண்ணி. அது ஏறிய மாட்டிலேயே வளர்ந்து முடிப்பது, ஆளை அரிதாகத்தான் கடிக்கும். நாயுண்ணி வீட்டுச் சுவர் வெடிப்பில் குடியிருந்து வெயில் காலத்தில் பெருகும். ஆளையும் கடிக்கும், புள்ளிக் காய்ச்சலையும் பரப்பும். நாம் அதிகம் அஞ்சவேண்டியது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணிக்கு. இதில் முதிர்ந்தவை முதல் மழையோடு மாட்டிலும் காட்டு விலங்குகளிலும் ஏறி ரத்தம் குடித்து, சருகுக்குள் விழுந்து முட்டையிடும். மழை முடியும் காலத்தில் பொரிந்த ஆறுகால் குஞ்சுகள் புல் நுனியில் கொத்தாகக் காத்திருந்து எலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு என்று எது உரசினாலும் தொற்றிக்கொள்ளும். குடித்து முடித்துத் தோலுரித்தால் எட்டுக் கால் இளம் உண்ணி. மார்கழியிலிருந்து நம் காலில் ஏறுவது இதுதான். கசகசா அளவே இருக்கும், கடித்தால் வலிக்காது. மாட்டில் பெரிய உண்ணி குறைந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் மாதங்களில்தான் ஆபத்து கூடுகிறது.

இந்த உண்ணி பரப்புவது குரங்குக் காய்ச்சல். கன்னடத்தில் மங்கன காயிலே என்பார்கள். 1957-ல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது முதலில் அடையாளம் காணப்பட்டது. நெடுங்காலம் மலைநாட்டு நோயாகவே இருந்தது, 2012-ன் இறுதியில் நமது சாமராஜநகர் மாவட்டத்துப் பந்திப்பூருக்கு வந்தது. அங்கே இறந்த குரங்குகளைக் கையாண்ட வனப்பணியாளர்கள் சிலர் காய்ச்சலில் விழுந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்துச் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பரவியது. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். முன்பு போட்டுவந்த தடுப்பூசி போதிய பலன் தராததால் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே கடி படாமல் இருப்பதுதான் இன்றைக்கு நம் கையில் உள்ள காப்பு.

காட்டுக்குப் போகும்போது லுங்கியும் வெறுங்காலும் வேண்டாம். முழுக்கை சட்டையும் பேண்ட்டும் போட்டு, பேண்ட்டின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகுங்கள். கர்நாடக சுகாதாரத் துறை நோய்ப் பகுதிகளில் கொடுக்கும் டெப்பா எண்ணெயோ, கடையில் விற்கும் டீட் கலந்த பூச்சிவிரட்டியோ கை கால்களில் தடவுங்கள். களைத்தால் சருகில் உட்காராதீர்கள், பாறையில் உட்காருங்கள். மாட்டுக்கு மெத்தை போடக் காட்டுச் சருகை வாரி வருவதை வைகாசி வரை நிறுத்திவையுங்கள். சருகோடு உண்ணியும் வீட்டுக்கு வரும். பட்டி போடுபவர்கள் மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். மாட்டுக்கு இந்தக் காய்ச்சல் வராது, ஆனால் முதிர்ந்த உண்ணியை வளர்த்துவிடுவது மாடுதான்.

வீடு திரும்பியதும் உடுத்தியதைக் கழற்றிச் சுடுநீரில் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். பிறகு ஒருவர் உடம்பை இன்னொருவர் பாருங்கள். காதுமடல் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, முக்கியமாக அரைஞாண் கயிற்றின் அடி. பிள்ளைகளுக்குத் தலைமுடியைப் பிரித்துப் பார்க்கவேண்டும். புதிய மச்சம் போலத் தெரிந்தால் விரலால் தடவிப் பாருங்கள், உண்ணியாக இருக்கலாம். இருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பீடி நெருப்பு எதுவும் வேண்டாம். எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஸ்பிரிட்டில் போட்டு, கடித்த இடத்தையும் கையையும் சோப்பால் கழுவுங்கள்.

மகாசிவராத்திரிக்குக் காட்டு வழியே மாதேஸ்வரன் மலைக்கு நடந்து வரும் பக்தர்களும் உச்சப் பருவத்தில்தான் வருகிறார்கள். சாலையை விட்டுக் குறுக்குப் பாதையில் இறங்காதீர்கள், புல்தரையில் படுக்காதீர்கள்.

குரங்கு செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், புதைக்கவும் போகாதீர்கள். செத்த குரங்கின் உடம்பிலிருந்து உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே காத்திருக்கும். வனத்துறைக்குச் சொன்னால் சுற்றிலும் மருந்து தூவுவார்கள். உயிருள்ள குரங்கை விரட்டிக் கொல்வதால் ஒரு பயனும் இல்லை. அதுவும் நம்மைப் போலவே கடி பட்டுச் சாகிறது.

கடி பட்ட மூன்று முதல் எட்டு நாளில் திடீரென்று குளிர்காய்ச்சல், கடும் தலைவலி, எழ முடியாத அளவுக்கு உடம்புவலி, வாந்தி வந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மேட்டூர் அரசு மருத்துவமனைக்கோ போங்கள். போனதும் முதல் பேச்சாக, காட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள். ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தெரியும். வலி தாங்கவில்லை என்று ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், புரூஃபென் போன்றவற்றை நீங்களாக எடுக்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். மழைக்குப் பிந்தைய இதே மாதங்களில் புதர்களில் வாழும் மைட் என்ற மிகச் சிறிய பூச்சியால் ஸ்க்ரப் டைஃபஸும் வருகிறது. அதில் கடித்த இடம் கருகிப் பொருக்காக இருக்கலாம், டாக்ஸிசைக்ளினில் குணமாகும். குரங்குக் காய்ச்சலுக்கு அந்த மருந்து கேட்காது, நீர்ச்சத்து குறையாமல் பார்த்து ரத்தக்கசிவைக் கண்காணிப்பதுதான் சிகிச்சை. ஆளிடமிருந்து ஆளுக்கு இது தொற்றாது, நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்கு மீண்டும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைநடுக்கம், பார்வை மங்கல் வரும். அன்றே மருத்துவமனையில் சேருங்கள்.