சூரிய வாலை: உப்பு ஜலத்தைக் குடிநீராக்கும் முறை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு மேற்கே மலையும் ஓடைகளும் உண்டு. கிழக்கே கரிசல் பூமியிலோ சில கிணறுகளின் ஜலம் வாயில் வைக்கவொண்ணாதபடி கரிக்கிறது. அத்தகைய கிராமங்களில் பெண்டிர் நல்ல ஜலத்துக்காகக் குடத்துடன் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. அவ்வெயிலையே வேலை வாங்கும் சாதனம் சூரிய வாலையாகும்.

நாட்டு வைத்தியர் திராவகம் வடிக்கும் வாலையின் தத்துவமே இதிலும் உள்ளது. ஆழமற்ற தொட்டியின் உட்புறம் கறுப்புப் பூசி, சில அங்குலம் உப்பு ஜலம் விட்டு, மேலே கண்ணாடியைச் சாய்வாகப் பொருத்தி, இடுக்குகளை அடைத்துவிட வேண்டும். உஷ்ணத்தால் ஜலம் ஆவியாகிக் கண்ணாடியின் அடியில் குளிர்ந்து, துளிகளாக வழிந்து, ஓரத்திலுள்ள காலில் சேரும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடல் ஜலம் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ளது. அதுவும் இவ்வாறே நன்னீராகும்.

இம்முறை புதிதன்று. சிலி தேசத்தில் லாஸ் சலினாஸ் என்னுமிடத்தில் 1872-ல் சார்லஸ் வில்சன் என்பவர் நாலாயிரத்துக்கு மேற்பட்ட சதுர மீட்டர் பரப்பில் இதனை நிறுவி, நாளொன்றுக்குச் சுமார் 22,000 லிட்டர் பெற்றார். நம் தேசத்தில் குஜராத்தின் பவநகரையடுத்த அவானியா கிராமத்தில் 1978-ல் நாளொன்றுக்கு 5,000 லிட்டர் தரத்தக்க வாலை அமைக்கப்பட்டது.

எனினும் இதன் அளவறிந்து இறங்குதல் வேண்டும். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் சுமார் 3 லிட்டரே தரும். ஐவருள்ள குடும்பத்தின் குடிநீர் 15 லிட்டர் எனக் கொண்டால் 5 சதுர மீட்டர் கண்ணாடி தேவை. பயிருக்கோ இது உதவாது. ஒரு ஏக்கருக்கு ஓரங்குலம் பாய்ச்ச ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அதை ஒரே நாளில் வடிக்க எட்டு ஏக்கருக்கு மேல் கண்ணாடி பரப்ப வேண்டும்! ஆகவே இதை நம்பி ஒருவரும் கடன்பட்டுத் தோட்டம் போடலாகாது.

கவனிக்க வேண்டியவை:

1. கண்ணாடியில் தூசி படிந்தால் வெயில் உட்புகாது. அடிக்கடி துடைக்க வேண்டும்.
2. இடுக்கில் ஆவி கசிந்தால் உழைப்பு வீண்.
3. தேங்கும் உப்பு ஜலத்தை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். அதை வயலிலோ கிணற்றருகிலோ விடலாகாது.
4. மழைக்காலத்தில் கண்ணாடியின் மேல் விழும் நீரையும் தனிக் காலில் பிடித்துச் சேமிக்கலாம்.

அமைக்கும் செலவு பெரிது. பிறகு விறகும் எண்ணெயும் வேண்டியதில்லை. தனித்தனியே இயலாதவர் சங்கமாகச் சேர்ந்து, முதலில் ஒரு சிறு வாலை வைத்து ஓராண்டு அளந்து பார்த்தல் நலம். கட்டுவதைவிடப் பராமரிப்பதே முக்கியம். துடைப்பவர் இன்னார், பழுது பார்க்கும் பணம் இவ்வளவு என்று முன்னரே தீர்மானியாத ஊரில் கண்ணாடி உடைந்த அன்றே வாலையும் நின்றுவிடும். பெண்டிர் மறுபடியும் குடத்தை எடுக்க நேரிடும்.