அண்டையின் உயிர்ப்பறிதல்

முக்கொம்பில் இரண்டாய்ப் பிரியும் காவிரி, தெற்கே தானும் வடக்கே கொள்ளிடமுமாய்த் திருவரங்கத்தைச் சூழ்ந்து செல்வதை யாவரும் அறிவர். 1836-ஆம் ஆண்டில் ஆங்கெழுந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்டு 22-ஆம் நாளிரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்திற் சரிந்தன. பழுதினை உடனே அறிதலும் மறுவழியை ஆளுதலும் ஆற்றுக்கு மட்டுமன்றிக் கணினிப் பிணையத்திற்கும் வேண்டுவனவாம். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

திருச்சிராப்பள்ளியில் ஒரு சுவிட்சும் திருவரங்கத்தில் ஒரு சுவிட்சும் இரு வழிகளாற் பிணைந்துள்ளன எனக் கொள்வோம். ஓ.எஸ்.பி.எஃப். என்னும் வழியறி நெறிமுறை, வழக்கமாக 10 நொடிக்கொருமுறை ‘ஹலோ’ என்னும் செய்தியை அண்டைக்கு அனுப்பும். அண்டையின் ஹலோ 40 நொடி வாராதாயின் அது மாண்டதெனத் துணிந்து, பின்னரே மறுவழியை நாடும். நொடிக்கு 10 ஜிகாபிட் செல்லும் வழியாயின், அதற்குள் 50 ஜிகாபைட் வரை இழப்பாம். தேர்வு விடையை இறுதி நொடியில் அனுப்பும் மாணவனுக்கு அவ்விழப்பு ஓராண்டின் உழைப்பாகவும் முடியலாம்.

கம்பி அறுந்தால் ஒளி அவியுமே எனின், நேரே பிணைந்த சுவிட்சுகட்கு அஃது ஒக்கும். இடையே பிறிதொரு கருவி நிற்பின், அதற்கப்பால் வழி அறுந்தும் நம் பக்கத்து ஒளி அவியாது. உயிருள்ளது போற் கிடக்கும் அச்செத்த வழியே பெருங்கேடு விளைப்பது.

இக்குறை தீர்க்கும் பி.எஃப்.டி. என்னும் நெறிமுறை, 2010-இல் ஆர்.எஃப்.சி. 5880 என வெளியாயிற்று. 300 மில்லிநொடிக்கொரு சிறு செய்தியை அனுப்பி, தொடர்ந்து மூன்று வாராதொழியின் பழுதெனக் கொள்ளுமாறு அமைத்தால், ஒரு நொடிக்குள் உண்மை புலப்படும்.

அமைக்கும் முறை வருமாறு. முதலாவது, ஓ.எஸ்.பி.எஃப். அண்டையுறவு நிறைவுற்றதா எனக் காண்க. இரண்டாவது, இருபுறத்தும் அனுப்பும் இடைவெளி, ஏற்கும் இடைவெளி, தவறலாகும் எண்ணிக்கை என்னும் மூன்றையும் இடுக. ஒருவர் விரைந்தனுப்ப விழையினும் மற்றவர் ஏற்கவல்ல அளவே செல்லும். மூன்றாவது, பி.எஃப்.டி. கூறுவதைக் கேட்டு நடக்குமாறு ஓ.எஸ்.பி.எஃப்.-க்கு ஆணையிடுக, இதனை மறப்பின் காவலன் கூவியும் அரசன் கேளாதான் ஆவன். நான்காவது, பணியில்லாப் பொழுதில் இடைக்கருவிக்கு அப்பாலுள்ள கம்பியைக் கழற்றிச் சோதிக்க.

விரைவு எஞ்ஞான்றும் நன்றன்று. இடைவெளியை மிகக் குறைப்பின், சுவிட்சின் மையச் செயலி பிற பணியில் மூழ்கிய பொழுது நலமுள்ள அண்டையும் மாண்டதாய்த் தோன்றும். வழிகள் மாறிமாறி அலையும். மேலும், மையச் செயலி மறுதொடக்கம் பெறுங்கால் அண்டையர் பழைய வழியையே சிறிது பொழுது பேணும் முறையொன்று, 2003-இல் ஆர்.எஃப்.சி. 3623-இல் வகுக்கப்பட்டது. பி.எஃப்.டி.யும் அச்செயலியிலேயே இயங்குமாயின், ஒரு விதி ‘பொறு’ என, மற்றொன்று ‘மாண்டது’ என முரணும். ஆதலின் கருவியின் கையேட்டை நோக்கி, பி.எஃப்.டி. தனியே இயங்குவதறிந்த பின்னரே இரண்டையும் ஒருங்காளுக.

இரு வழி உண்மை மட்டும் காப்பாகாது. ஒன்று கெட்டதை உரிய பொழுதில், பொய்யின்றி அறிதலே காப்பாம்.